ஆளில்லா ஊர்தியும் உரியாவின் கடிதமும்

திருவள்ளூர் மாவட்டம் ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், முந்த்ரா எனும் ஆளில்லா ஊர்தியை 2017ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்தது. படைவீரரை ஏற்றிச் செல்லும் பி.எம்.பி.-2 கவச ஊர்தியே, தொலைவிலிருந்து இயக்கத்தக்கதாக மாற்றியமைக்கப்பட்டது. வேவு பார்க்க ஒன்று, கண்ணிவெடியைக் கண்டறிய ஒன்று, அணுக்கதிரும் நோய்க்கிருமியும் பரவிய நிலத்தை ஆராய மற்றொன்று என மூவகை. இத்தகைய கருவிகளுக்குச் சொல்லப்படும் நியாயம் யாவரும் அறிந்ததே: அபாயகரமான பணிக்கு மனிதனை அனுப்பாமல் இயந்திரத்தை அனுப்புகிறோம். இந்நியாயத்தையே ஈண்டு ஆராய விழைகிறோம்.

கண்ணிவெடியைப் பொறுத்தவரை இதனை மறுப்பதற்கில்லை. இலங்கையின் முகமாலையில், போரில் கணவரை இழந்தோர் உட்படத் தமிழ்ப் பெண்கள் பலர், மண்டியிட்டு மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றி வெடிகளை எடுத்து வந்திருக்கின்றனர். அவர்களுக்குப் பதிலாக இயந்திரம் செல்லுமாயின் எந்த இறையியலும் குறுக்கே நிற்கலாகாது. ஆயினும், கண்ணிவெடியைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. 2001 டிசம்பரில் பாராளுமன்றம் தாக்கப்பட்ட பின்னர், மேற்கெல்லை நெடுகிலும் வெடிகளைப் புதைத்தது நம் படையே. அவற்றைக் கையாளுகையில் நம் வீரர்களும் மாண்டனர். அபாயம் வானத்திலிருந்து விழுவதில்லை.

வாதம் வழுக்குமிடம் பிறிதொன்று. கண்ணிவெடியின் முன் இயந்திரம் மனிதனின் உடலுக்குப் பதிலாக நிற்கிறது. தானியங்கிப் படைக்கலத்திலோ மனிதனின் தீர்ப்புக்குப் பதிலாக நிற்கிறது. ‘அபாயகரமான பணி’ என்னும் தொடர் இரண்டையும் ஒரே போர்வையால் மூடிவிடுகிறது. முந்த்ராவை இயக்குபவர் மனிதரே; அதனைக் கொலைக்கருவி எனப் பழிப்பது நேர்மையன்று. ஆனால் தானியங்கிப் படைக்கலங்கள் எழுப்பும் கேடுகளை ஆராய வேண்டுமென 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த நான்கு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆவடியில் நாளை எது வடிவமைக்கப்படும் என்னும் வினாவுக்கு இவ்வாக்கும் தொடர்புடையது.

தாவீது எருசலேமில் இருந்தான். ரப்பாவின் மதிலிலிருந்து எய்தவர் அம்மோனியர். தன் சாவுக்கான கடிதத்தைச் சுமந்து சென்றவன் உரியாவே (2 சாமுவேல் 11). தொலைவு தாவீதின் உடலைக் காத்தது; பொறுப்பினின்று அவனை விடுவிக்கவில்லை. நாத்தான் சுட்டிக்காட்ட ஒரு மனிதனாவது அரண்மனையில் இருந்தான். தானே இலக்கைத் தேர்ந்து சுடும் கருவியின் காரியத்தில் நாத்தான் எவரிடம் செல்வான்? வரைபடம் தீட்டியவரிடமா, விலைகொடுத்த அரசிடமா, களத்தில் ஏவிய அதிகாரியிடமா?

இத்தொழிற்சாலைகளில் உழைப்போர் நம் சபைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களைக் குற்றவாளிகளாக்கும் பிரசங்கங்களையும், ஆயுதபூசை வாழ்த்தைப் போன்று அவர்தம் தொழிலை ஆசீர்வதித்து விடும் ஜெபங்களையும் நாம் கேட்டதுண்டு. இவ்வினாவை அவர்களோடு அமர்ந்து பேசிய போதகரை இதுகாறும் கண்டிலோம்.