42-ம் நாள்

கார்த்திகை மாசம் புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம் தாண்டி பூரணாங்குப்பம் பக்கம் போனால், வழக்கமாகச் சாயங்காலம் 'ரெண்டு ரவுண்டு' போடுகிறவர்கள் கறுப்பு வேட்டியில் சாமியாக நடமாடுவார்கள். 41 நாள் விரதம். பாண்டிச்சேரியில் இது சின்ன சாதனையல்ல.

உடம்புக்கு என்ன லாபம் என்கிறீர்களா? லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரிக்காரர்கள் 2018-ல் பி.எம்.ஜே. ஓப்பன் இதழில் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். கொஞ்சம் தாராளமாகவே குடிக்கிற, மற்றபடி ஆரோக்கியமான 94 பேர் ஒரு மாசம் நிறுத்தினார்கள். இன்சுலின் எதிர்ப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது. ரத்த அழுத்தம் 6, எடை ஒன்றரை சதவீதம். புற்றுநோய் வளரத் துணைபோகும் இரண்டு புரதங்களும் கணிசமாக இறங்கின.

நல்ல கட்டுரை. ஆனால் இரண்டு குறை. நிறுத்தியவர்கள் தாங்களாகவே முன்வந்தவர்கள். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்ல. ரத்தத்தைச் சோதித்தது ஒரு மாச முடிவோடு சரி. நம் கேள்வியோ 42-ம் நாளைப் பற்றியது. மாலையைக் கழற்றிய கையோடு கடைக்குப் போய், விட்டதையும் சேர்த்துப் பிடிக்கும் சாமிகளை எனக்குத் தெரியும். அவர்கள் கல்லீரலுக்குக் கிடைத்தது லீவு, ஓய்வூதியமல்ல.

ஆறுதலாக ஒன்று: பிரிட்டனில் ஜனவரி மாசம் குடிக்காமல் இருந்தவர்களை ஆறு மாசம் கழித்து விசாரித்ததில், சராசரியாக முன்பைவிடக் குறைவாகவே குடித்தார்கள் என்கிறது 2016-ல் வந்த ஓர் ஆய்வு. 'வேண்டாம்' என்று சொல்லிப் பழகிய நாக்கு அதை மறப்பதில்லை போலும்.

ஓர் எச்சரிக்கை. தினம் மொடாக்குடி குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவர் குருசாமிக்கு முன் டாக்டரைப் பார்ப்பது உத்தமம். மற்றவர்கள் மாலையைக் கழற்றுங்கள். விரதத்தில் பாதியையாவது வைத்துக்கொள்ளுங்கள்.