தகுதி யாருக்கு? - புதுநன்மை வகுப்பை முன்வைத்து

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு 1578 மறக்காது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்', ஆக்கியவர் அண்டிரிக்கு அடிகளார், அச்சான ஊர் கொல்லம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். அது என்ன புத்தகம் என்று யாரும் கேட்டதில்லை. அது ஞானோபதேசப் புத்தகம். அவரே 1580-இல் கொண்டுவந்த 'கொம்பெசியொனாயரு' பாவசங்கீர்த்தனக் கையேடு. அதாவது தேவதிரவிய அனுமானங்களுக்கு ஆளைத் தயார் பண்ணத்தான் இங்கே தமிழ் அச்சு எந்திரம் ஓட ஆரம்பித்தது. அச்சுப் பெருமை பேசுகிற நம் இலக்கிய வரலாறு, அந்தப் பிரதி எப்படிப்பட்ட மனுசரை உருவாக்குகிறது என்று வாசிக்கவில்லை. வாசிக்க வேண்டிய அவசியம் நமக்குத்தான் இருக்கு.

சங்கரன்கோவில் வட்டாரத்துப் பங்குகள் 1973-இல் உருவான பாளையங்கோட்டை மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. தறிக்கூலி, பீடிக்கூலி, காட்டுவேலை என்று பாடுபடுகிற வீட்டுப் பிள்ளைகள் ஞாயிறு பூசை முடிந்து மறைக்கல்விக்கு உட்காருகிறார்கள். விவரம் தெரிகிற வயசில் புதுநன்மை. வளர்ந்த பிறகு ஆயர் வந்து உறுதிபூசுதல். செபங்கள் மனப்பாடம், பத்துக் கட்டளை, பாவசங்கீர்த்தனத்துக்கு ஒத்திகை. நன்மை வாங்க ஒரு மணி நேரம் முன்னாலிருந்து ஒண்ணும் திங்கக் கூடாது. அப்பத்தைப் பல்லில் கடிக்கக் கூடாது. வெள்ளைத் துணியும் மெழுகுதிரியும் கடன் வாங்கியாவது வந்துவிடும். அந்த வெள்ளைத் துணியைக் கேலி பண்ண எனக்கு மனசில்லை. ஊருக்குள் ஒதுங்கி நடக்கப் பழக்கப்பட்ட பிள்ளை, அன்றைக்கு எல்லாரும் பார்க்க நடுக்கோயிலில் நடந்து போகுது. அதனால்தான் கேட்கிறேன், அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன கற்றுக்கொடுக்கிறோம்?

முதலில் வடிவம். பழைய ஞானோபதேசம் முழுக்கக் கேள்வி பதில். கேள்வியும் புத்தகத்துடையது, பதிலும் புத்தகத்துடையது. பிள்ளைக்குச் சொந்தமான கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இடமில்லை. 'நம்ம சனத்துக்கு மட்டும் ஏன் தனிக் கல்லறை?' என்று ஒரு பிள்ளை கேட்டால், எந்தப் பாடத்தைப் புரட்டி பதில் சொல்ல? இப்போது படம் போட்ட பாடநூல்கள் வந்துவிட்டன. பாட்டும் நடிப்பும் உண்டு. அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் பக்கம் ஒதுக்கவில்லை.

அடுத்து, 'தகுதி' என்ற சொல். தகுதியில்லாமல் நன்மை வாங்குவது பெரும்பாவம் என்று பிள்ளைகளை எச்சரிக்கிறார்கள். பொய் சொன்னாயா, திருடினாயா, அப்பா அம்மாவுக்குக் கீழ்ப்படியவில்லையா, பூசைக்கு வரவில்லையா என்று பிள்ளை தன்னைத் தானே சோதிக்கணும். இந்த எச்சரிக்கைக்கு ஆதாரம் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், பதினோராம் அதிகாரம். அந்த அதிகாரத்தை முழுசாகப் படித்துப் பாருங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவன் முந்தித் தின்று குடித்து முடிக்கிறான். இல்லாதவன் பசியோடு நிற்கிறான். பவுலுக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்துத்தான். தகுதியற்றுப் போனது பந்தியில் பாகுபாடு காட்டியவன். நம்மூரில் அந்த வசனத்தை எட்டு வயசுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டார்கள். பந்தியை யாரும் சோதிக்கவில்லை. 'தகுதி, திறமை' என்று சொல்லி இடஒதுக்கீட்டை எதிர்க்கிறவர்கள் செய்கிற அதே வேலை.

இது இன்று நேற்று வந்ததில்லை. 1703-இல் பாண்டிச்சேரி வந்த போப்பின் தூதர் துர்னோன், 1704-இல், நோயில் கிடக்கும் பறையரின் வீட்டுக்கே போய்க் குருக்கள் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஆணை போட்டுத்தான் செய்யவைக்க வேண்டியிருந்தது என்றால், அதுவரை என்ன நடந்திருக்கும்? அந்தச் சர்ச்சை 1744-இல் முடிந்தபோது கண்ட வழி, பறையருக்கென்று தனியாகக் குருக்களை ஒதுக்குவது. சேரிக்குள் நன்மை வந்தது; தீட்டும் பத்திரமாகக் காப்பாற்றப்பட்டது.

1910-இல் போப் பத்தாம் பத்திநாதர், ஏழு வயசு வாக்கில் விவரம் வந்த பிள்ளைக்கே நன்மை கொடுக்கலாம் என்று கதவைத் திறந்தார். அதே 1910-இல்தான் வடக்கன்குளம் கோயிலில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்த சுவர் இடிக்கப்பட்டது. தனி இடம் எங்கள் உரிமை என்று வெள்ளாளர் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சுவர் போன பிறகும் சாதி போகவில்லை என்பதற்கு எறையூர் சாட்சி. 2008 மார்ச்சில், தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டுப் போராடியதைத் தொடர்ந்து மோதல் வந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். மோதிக்கொண்ட இரண்டு தரப்புமே புதுநன்மை வாங்கி வளர்ந்தவர்கள். அந்த வகுப்பு அவர்களுக்கு எதைச் சொல்லித்தரவில்லை என்று மறைக்கல்விக்காரர்கள் யோசிக்கணும்.

இலக்கியத்தில் இந்த வகுப்புக்கு எதிர்ப்பாடம் எழுதியது 1992-இல் வந்த பாமாவின் 'கருக்கு'. அதைச் சாதிக் கொடுமையின் சாட்சியமாக மட்டும் பேசி நிறுத்திவிடுகிறோம். கோயிலும் கன்னியர் மடமும் பிள்ளைகளைப் பயங்காட்டிப் பக்தியில் பழக்கிய விதத்தையும் அது பேசுகிறது. கன்னியர் சபையில் சேர்ந்து, உள்ளே இருந்து பார்த்து, வெளியே வந்த ஒருத்தியின் ஆத்மசோதனை அது. பாவசங்கீர்த்தனத்தின் வடிவத்தை எடுத்துத் திருப்பிப் பிடிக்கிறார் பாமா. அவர் சோதிப்பது சபையின் மனச்சாட்சியை. கேள்வி கேட்க விடாத பிரதியில் வளர்ந்த பிள்ளை, கேள்வியால் ஆன பிரதியை எழுதியிருக்கிறது.

வகுப்பில் சொல்லாத இன்னொன்றும் இருக்கு. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். தமிழ்நாட்டில் நமக்குப் பி.சி. சான்றிதழ். சங்கரன்கோவில் தனித் தொகுதி. அதில் ஞானஸ்நானம் வாங்கிய தலித் ஓட்டுப் போடலாம், கிறிஸ்தவராக இருந்துகொண்டு நிற்க முடியாது. 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவர் எஸ்.சி. சான்றிதழ் கேட்ட வழக்கில், குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தையும் கோயிலுக்குப் போய்வருவதையும் காரணம் காட்டி உச்சநீதிமன்றம் மறுத்தது. சாமியார் நோட்டில் எழுதும் பேரைச் சர்க்காரும் வாசிக்குது. அதனால்தான் பல வீடுகளில் கோயிலுக்கு ஒரு பேர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர். பொய் சொல்வது பாவம் என்று மனப்பாடம் செய்கிற பிள்ளை, தன் பேரையே மறைக்கவும் கற்றுக்கொள்ளுது. இந்தப் பாவத்தை யார் கணக்கில் எழுதுவது?

வகுப்பை மூடச் சொல்லவில்லை. சாதிப் பாகுபாடு கிறிஸ்தவத்துக்கு எதிரானது என்று 2003-இல் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சொன்னார். சபைக்குள் தீண்டாமை இருக்கு என்று 2016-இல் இந்திய ஆயர் பேரவை தன் தலித் கொள்கை ஆவணத்தில் ஒத்துக்கொண்டது. ஆயர் ஒத்துக்கொண்டதைப் பிள்ளைக்குச் சொன்னால் என்ன? ஆத்மசோதனைப் பட்டியலில் மூன்று கேள்விகள் சேருங்கள். யார் வீட்டில் சாப்பிட மறுத்தாய்? யாரைச் சாதிப் பேர் சொல்லித் திட்டினாய்? நம் கோயிலிலும் கல்லறையிலும் யாரை ஒதுக்கி வைத்திருக்கிறோம்? முதல் இரண்டுக்கும் பிள்ளை பதில் சொல்லட்டும். மூன்றாவதுக்குப் பங்குச் சாமியாரும் பங்குப் பேரவையும் பதில் சொல்லட்டும். அதுக்கப்புறம் யாருக்குத் தகுதி என்று பேசலாம்.