மேல்மண் என்கிற சுமை: நெய்வேலியை ஒரு பிரதியாக வாசித்தல்

1

நெய்வேலியின் தொடக்கக் கதை நமக்குத் தெரிந்ததுதான். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போடுகிறார். கறுப்பாக ஏதோ வெளியே வருகிறது. அது பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் பதிவாகிறது. 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைக்கிறார். 1961இல் கரிப்படுகை கண்ணுக்குத் தெரிகிறது. 1962இல் மின்சாரம். தேச நிர்மாணம் என்கிற பெருங்கதையாடலின் தமிழ் அத்தியாயம் இது. இந்த அத்தியாயத்தில் ஒரு விஷயத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. தோண்டியது தண்ணீருக்காக. கரி வந்ததும் தண்ணீர் கதையை விட்டே போய்விடுகிறது. பிறகு திரும்பி வரும்போது எதிரியாக வருகிறது.

எதிரி என்று சும்மா சொல்லவில்லை. கரிப்படுகைக்குக் கீழே மணற்பாறை அடுக்குகளில் நீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அது மேல்நோக்கி அழுத்துவதாகச் சுரங்கப் பொறியியல் கணக்கு சொல்கிறது. மேலே இருக்கும் மண்ணின் பாரம்தான் அதை அடக்கி வைத்திருந்தது. அந்த மண்ணை எடுத்துவிட்டால் நீர் சுரங்கத்தின் அடித்தளத்தையே பெயர்த்துக்கொண்டு கிளம்பிவிடும். ஆகவே ராத்திரி பகலாக இறைத்தாக வேண்டும். இறைப்பு நின்றால் சுரங்கம் இல்லை. கரி எடுக்கும் தொழில் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, அதன் உள்ளிருந்து பார்த்தால், அறுபது வருடங்களாக விடாமல் நடக்கும் நீர் வெளியேற்றும் தொழிலாகவும் இருக்கிறது.

2

கரிக்கு மேலே உள்ள எல்லாவற்றுக்கும் சுரங்க மொழியில் ஒரே பெயர்: ஓவர்பர்டன். மேலே கிடக்கும் வேண்டாத பாரம். நெல் விளைந்த ஒரு அடி மண், அதன் கீழே களிமண், மணல், மணற்பாறை என்று ஐம்பது மீட்டர் முதல் நூறு மீட்டருக்கு மேலும் போகிற அத்தனையும் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கம். ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் ‘பாரம்’ அகற்றப்படுகிறது. தமிழில் எழுதும்போது இதை நாம் ‘மேல்மண்’ என்கிறோம். விவசாயி மேல்மண் என்று சொல்வது வேறு. அது ஏர் பட்ட மண். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல்லாவது இருக்கிறது. தமிழில் ஒன்றின் பெயரை இன்னொன்று எடுத்துக்கொண்டது. மேல்மண் நீக்கம் என்று செய்தியில் படிக்கிறவனுக்கு ஏதோ வரப்பைச் செதுக்குவது போலத்தான் தோன்றும்.

அந்த ஒரு அடி மண் மக்கும் வேரும் நுண்ணுயிரும் சேர்ந்து நூற்றாண்டுகளில் உருவானது. சக்கர வாளி இயந்திரம் அதையும் அடிமணலையும் ஒரே வேகத்தில் எடுக்கிறது. தனியாக எடுத்து வைத்துப் பிறகு மேலே பரப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த அக்கறை இல்லாமல் கொட்டினால் அடுக்கு தலைகீழாகிவிடும். கீழே கிடந்தது மேலே வரும். விளைந்த மண் அடியில் புதையும்.

நம் இலக்கிய விமர்சனத்துக்கு இந்த இடத்தில் கைவசம் ஒரு கருவி உண்டு: பாலை. இயல்பு திரிந்த முல்லையும் குறிஞ்சியும் பாலையாகும் என்கிற சிலப்பதிகாரக் கருத்தைச் சூழலியல் பேசும் கட்டுரைகள் சளைக்காமல் கையாள்கின்றன. நெய்வேலிக்கு இது பொருந்தாது என்பது என் வாதம். பாலை வெயிலால் வருவது. மழை பெய்தால் அது பழைய நிலமாகத் திரும்பும். சுரங்கத்து மண்மலை அப்படியில்லை. அதன்மேல் மழை பெய்தால் மணலும் களியும் கரைந்து ஓடையில் இறங்கி, பக்கத்து வயலில் படிந்து, கடைசியில் பெருமாள் ஏரி மாதிரியான நீர்நிலைகளைத் தூர்க்கின்றன. எந்த மழையைப் பாலைக்கு மருந்து என்று கவிதை சொன்னதோ அதே மழைதான் இங்கே சேதத்தைச் சுமந்து செல்கிறது. திணைக் கோட்பாடு நிலத்தின் மேற்பரப்பைப் படிக்கக் கற்றுத்தந்தது. அடியில் நடப்பதைப் படிக்க நமக்கு வேறு கல்வி வேண்டும்.

3

ஆனால் தொல்காப்பியத்திடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள். பொழுது இல்லாமல் நிலம் இல்லை. இதை வைத்துக்கொண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்கிற பிரதிக்குள் போய்ப் பாருங்கள். மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவு போதும் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் மண்மலை கரைகிறது, ஓடை நிறைகிறது, கழிவு வயலுக்குள் வருகிறது. அந்தப் பொழுதை விட்டுவிட்டுத்தான் நிலம் அளக்கப்படுகிறது.

அறிக்கையின் மொழியையும் பாருங்கள். தோண்டும் இடம் ‘கோர் ஸோன்’. சுற்றிலும் பத்து கிலோமீட்டர் ‘பஃபர் ஸோன்’. பஃபர் என்றால் இடிதாங்கி. ஊர்கள், ஏரிகள், கோயில்கள், சேரிகள் எல்லாம் இடி வாங்குவதற்காக வைக்கப்பட்டவை! தண்ணீர்ப் பகுதிக்கு வந்தால் ‘அனுமதிக்கப்பட்ட அளவு’ என்கிற சொற்றொடர். குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் யாருக்கும் எந்த அனுமதியும் தரவில்லை. 2023இல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி, பரங்கிப்பேட்டைப் பகுதிகளின் மண்ணிலும் நீரிலும் உள்ள மாசு பற்றி அறிக்கை வெளியிட்டபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதாவது அதிகாரப் பிரதிகளுக்கு வெளியே இன்னொரு பிரதி எழுதப்பட்ட பிறகுதான் விஷயம் மேலே வந்தது.

இன்னொன்று. பூமிக்குள் இருக்கும்வரை ‘ஆபத்து’ என்று பெயர் பெற்ற அதே தண்ணீர், இறைத்து வாய்க்காலில் விட்டதும் ‘பாசன உதவி’ ஆகிவிடுகிறது. சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய ஊற்றுக் கிணறுகள் இருந்தன. அந்தக் கிணற்றுக்காரன் இன்று சுரங்க நீரின் பயனாளி. எடுத்தவன் கொடையாளி, இழந்தவன் பயனாளி என்கிற இந்தத் தலைகீழாக்கத்தைப் புள்ளிவிவரம் காட்டாது. வாசிப்புதான் காட்டும்.

2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக விளைந்துகொண்டிருந்த நெல்லின்மேல் இயந்திரங்களை விட்டார்கள். நிலம் எப்போதோ எங்களுடையதாகிவிட்டது என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுக்க முடியாதா என்று உயர் நீதிமன்றம் கேட்டது. பிறகு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆவணத்தின் காலமும் பயிரின் காலமும் மோதிய இடம் அது. பொழுதை நிலத்திலிருந்து பிரித்துவிட்டால், நிற்கும் பயிர்கூட ‘ஆக்கிரமிப்பு’ ஆகிவிடும்.

4

நாம் எங்கே நிற்கிறோம்? ஒரு பக்கம், நெய்வேலி மின்சாரத்தில்தான் இந்தப் பக்கங்களும் அச்சாகின்றன, அந்த வேலைவாய்ப்பில் படித்து மேலே வந்த குடும்பங்கள் ஏராளம் என்பதை மறைத்துவிட்டுப் பேசுவதில் நேர்மை இல்லை. இன்னொரு பக்கம், மண்ணைத் தாய் என்று உருகும் நம் கவிதைகளில் வரும் மண் பெரும்பாலும் பட்டா உள்ளவன் மண். இழப்பீடும் அப்படித்தான் பட்டாவைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. நடவுக்குப் போனவள், ஏரிக்கரையில் மாடு மேய்த்தவன், குத்தகைக்காரன், வண்டலில் கீரை பறித்தவள் இவர்களுக்கெல்லாம் நிலம் போனது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தண்ணி கெட்டால் முதலில் கெடுவது இவர்கள் குடிக்கிற அடிபம்புத் தண்ணிதான். தாய்மண் உருக்கமும் ஓவர்பர்டன் கணக்கும் இந்த விளிம்புநிலை மனிதர்களை விட்டுவிடுவதில் ஒத்துப்போகின்றன என்பதை நாம் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

எழுதுகிறவர்கள் செய்யக்கூடியது சின்ன வேலைதான். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் மாநில மொழியில் தரப்பட வேண்டும் என்று 2006 அறிவிக்கை சொல்வது அறிக்கையின் சுருக்கத்தை மட்டும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் கிடக்கும். எந்தக் கிணற்றில், எந்த மாதம், எவ்வளவு ஆழத்தில் மாதிரி எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் வாசிக்க வேண்டும். தமிழ் படித்தவர்களுக்கு உரை எழுதும் மரபு ஒன்று இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டு, விடுபட்டதைக் காட்டி, பாடபேதம் குறித்து எழுதும் மரபு. ‘மேல்மண்’ என்று வரும் இடத்தில் எது அந்த மண், யாருடைய உழைப்பு அதில் இருக்கிறது, எங்கே கொட்டப்படும், ஐப்பசியில் அது எந்த ஏரிக்குப் போகும் என்று ஒரு உரை எழுதுவோம். அதைக் கூட்டத்தில் சத்தமாகப் படிப்போம். பதில் சொல்லட்டும்.