ஒளியைத் திருத்தலும் உருவைத் திரித்தலும்

கருவி எளிதானால் கலையும் எளிதாகிவிடும் என்பது மக்களிடையே வேரூன்றிய எண்ணமாகும். எழுதுகோல் மலிந்தமையால் புலவர் மலிந்தாரில்லை. அவ்வாறே கேமரா ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் குடிபுகுந்தமையால் நற்படங்கள் பெருகிவிட்டன என்று கொள்வதற்கில்லை.

1975ஆம் ஆண்டு கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் மின்னிலக்கக் கேமரா, பத்தாயிரம் புள்ளிகளால் ஆன ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. இன்றைய கைப்பேசியோ கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் கொண்ட வண்ணப் படத்தை இமைப்பொழுதில் பதிகின்றது. 1990இல் போட்டோஷாப் என்னும் படத்திருத்த மென்பொருள் விற்பனைக்கு வந்தது; 1996இல் கிம்ப் என்னும் இலவச மென்பொருளும் வெளியாயிற்று. இருட்டறையில் வல்லுநர் சிலர் செய்த பணி, இதனால் எல்லார்க்கும் உரியதாயிற்று. இவ்வளர்ச்சியை ஒட்டி, புதிதாய்ப் படமெடுக்கப் புகுவோர்க்கென அறிவுரை நூல்களும் கட்டுரைகளும் ஏராளமாய் எழுந்துள்ளன. அவற்றின் நிறைகுறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவுரைகளின் நிறையும் குறையும்

இவ்வறிவுரைகள் பயனற்றவை என்று கூறுதல் நன்றியின்மையாகும். ஆறங்குலத்திற்கு நான்கங்குலப் படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 1800க்கு 1200 புள்ளிகளே, அஃதாவது ஏறத்தாழ இருபத்திரண்டு இலட்சம் புள்ளிகளே போதும் என்னும் கணக்கை அறிந்தவன், புள்ளிப் பெருக்கத்தைக் காட்டி விற்கப்படும் விலையுயர்ந்த கருவிக்கு ஏமாறமாட்டான். ஜேபெக் வடிவில் உள்ள படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் அதன் நுட்பம் சிறிது சிறிதாகக் குறையும் என்பதும், எனவே மூலப்படத்தைத் தொடாது படி ஒன்றின்மீதே திருத்தம் செய்தல் வேண்டும் என்பதும் பொன்னான பாடங்கள்.

ஆயினும், அவற்றுட் பலவற்றில் ஒரு முறைகேடு காணப்படுகின்றது. முற்பட வேண்டியது பிற்படுகின்றது. கருவியைப் பற்றிப் பத்துப் பக்கம், மென்பொருளைப் பற்றி இருபது பக்கம், ஒளியைப் பற்றி ஒரு பத்தி என்ற அளவில் அவை அமைகின்றன. “எடுக்கும்போது தவறினால் என்ன, பின்னர்த் திருத்திக்கொள்ளலாம்” என்னும் மனப்பான்மையை இவ்வமைப்பு வளர்க்கின்றது. அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

வெண்சட்டையும் கருமுகமும்

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆண்டு மலருக்காக வகுப்புப் படம் எடுக்கப்படுகிறது எனக் கொள்வோம். மாணவர் வெண்சட்டை அணிந்து வரிசையாக நிற்கின்றனர். பின்புறம் சுண்ணாம்பு பூசிய சுவர். நேரமோ நண்பகல். கேமராவின் ஒளிமானி, அடிப்படையில், தன்முன் உள்ள காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கருதியே ஒளியைக் கணக்கிடும். வெண்மை மிகுந்த காட்சியைக் கண்டதும் ஒளி மிகுந்துவிட்டதென மயங்கி, அதனைக் குறைத்துவிடும். வெண்சட்டை சாம்பலாகும்; மாநிறமும் கருநிறமும் கொண்ட முகங்கள் இருளில் ஆழும். உச்சியில் நிற்கும் வெயிலோ புருவத்தின் நிழலைக் கண்களின்மேல் வீழ்த்தும். முகத்தைத் தேடிக் கண்டு கணக்கிடும் புதிய கருவிகளும் இத்தகைய இடத்தில் தடுமாறுவதுண்டு.

இதற்குரிய மருந்து மென்பொருளில் இல்லை. எடுக்கும் இடத்திலேயே உள்ளது. மாணவரைக் காலை வேளையில், கட்டடத்தின் நிழல் விழும் திறந்த வெளியில் நிறுத்துதல் முதலாவது. வெண்சுவரை விடுத்து மரங்களையோ நிறம் பூசிய சுவரையோ பின்புலமாகக் கொள்ளுதல் இரண்டாவது. ஒளியளவை ஒரு படியோ முக்கால் படியோ உயர்த்துதல் மூன்றாவது. கைப்பேசியாயின் திரையில் ஒரு முகத்தைத் தொட்டு, விரலை மேல்நோக்கி நகர்த்தினால் பெரும்பாலான கருவிகளில் இது நிறைவேறும். ஹிஸ்டோகிராம் எனப்படும் ஒளிப்பரவல் வரைபடத்தைப் பார்த்தல் நான்காவது. அவ்வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நிற்குமாயின் வெண்சட்டையின் மடிப்புகள் மறைந்துவிட்டன என்பது பொருள். மறைந்ததை எம்மென்பொருளும் மீட்டுத் தராது. இல்லாததைப் புனைந்து வைக்கவே அதனால் இயலும்.

ரா என்னும் மூலவடிவில் பதிந்தால் திருத்தத்திற்கு இடம் மிகுதி. ஜேபெக் படத்தில் ஒவ்வோர் அடிப்படை நிறத்திற்கும் 256 ஒளிப்படிகளே உள. 12 பிட் மூலவடிவில் 4096 படிகளும் 14 பிட் வடிவில் 16384 படிகளும் உள. இருண்ட பகுதியை உயர்த்தும்போது நிறம் திட்டுத்திட்டாகப் பிளவுறாமைக்கு இதுவே காரணம்.

திருத்தத்தின் எல்லை

அங்ஙனமாயின் படத்தைத் திருத்துதலே தகாதோ என்னும் வினா எழும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்சு இதற்கு விடையாவார். 1941ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், நியூ மெக்சிகோவின் எர்னாண்டசு என்னும் சிற்றூரில் நிலா எழுங்காட்சியை அவர் படமெடுத்தார். ஒளிமானி கைக்கு அகப்படாத அவசரத்தில், நிலவின் ஒளியளவை நினைவிற்கொண்டு கணக்கிட்டார் என்பர். பின்னாளில் அதே எதிர்மறைப் படத்திலிருந்து எடுத்த அச்சுகளில் வானத்தை மேன்மேலும் கருமையாக்கினார். இளமையில் பியானோ இசை பயின்ற அவர், எதிர்மறைப் படத்தை இசைக்குறிப்புக்கும் அச்சினை இசை நிகழ்ச்சிக்கும் ஒப்பிட்டதுண்டு. ஒரே கீர்த்தனையை இரு பாடகர் பாடினால் சுவை வேறுபடும், கீர்த்தனை வேறாகாது. ஆடம்சு வானின் கருமையை மிகுத்தார். இல்லாத நிலவை எழுப்பினாரில்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1982 பிப்ரவரி மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டைக்கு இசைவாக, எகிப்தின் கீசா பிரமிடுகள் கணினியால் நெருக்கி வைக்கப்பட்டன. அது பெருங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. 1994 ஜூன் 27ஆம் நாளிட்ட டைம் இதழ், கைது செய்யப்பட்ட கறுப்பின விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்சனின் முகத்தை அட்டையில் மேலும் கருமையாக்கி வெளியிட்டது. அதே படம் நியூசுவீக் அட்டையில் இயல்பாக வந்தமையால் வேறுபாடு உலகிற்கு விளங்கிற்று. கருமையைக் குற்றத்தின் நிறமாக்கிய செயல் எனப் பலர் சினந்தனர்.

கருமையைக் குற்றமாக்குதல் இழிவு எனின், கருமையைக் குறையாக்குதல் மட்டும் எங்ஙனம் சிறப்பாகும்? இன்றைய கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் ‘அழகூட்டல்’ என்னும் பெயரால் நிகழ்வது முகத்தை வெளுப்பாக்குதலே. இருண்டுபோன வகுப்புப் படத்தைத் திருத்தப் புகுவோரும் முகத்திற்கு உரிய ஒளியை மீட்பதோடு நில்லாது, நிறத்தையே மாற்றிவிடுகின்றனர். முன்னாளிலும் இக்குறை இருந்தது. வண்ணப்பட அச்சகங்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய கோடக் நிறுவனத்தின் ‘ஷெர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோலுடைய பெண்ணுருவமே அளவுகோலாக விளங்கிற்று.

உ.வே.சா. காட்டும் நெறி

திருத்தத்திற்கும் திரிபுக்கும் இடையே கோடு கிழிப்பது எங்ஙனம்? தமிழ் மாணவர் இவ்வெல்லையைத் தம் இலக்கிய வரலாற்றிலேயே காணலாம். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏட்டுச்சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பிழை களைந்தார், பாடவேறுபாடுகளைக் குறித்தார். ஆனால் சிதைந்த அடிகளைத் தாமே புனைந்து நிரப்பினாரில்லை. சிதைவைச் சிதைவாகவே காட்டினார். கறையை நீக்கி எழுத்தைத் தெளிவாக்குதல் பதிப்பு. புதிய எழுத்தைப் பொறித்தல் இடைச்செருகல்.

படத்திருத்தத்திற்கும் இதுவே நெறியாகும். சாய்ந்த படத்தை நிமிர்த்தலாம். குழல்விளக்கின் பச்சைச் சாயலை நீக்கலாம். இருளில் மறைந்த முகத்திற்கு ஒளி தரலாம். வில்லையில் படிந்த தூசியின் புள்ளியைப் போக்கலாம். வராத மாணவனை வந்தவனாகச் சேர்த்தலும், நின்றவனை நீக்கலும், முகத்தின் நிறத்தை மாற்றலும் ஆகா. கற்பனைப் படமாயின் தடையில்லை. ஆனால் கற்பனை என்று அறிவித்தல் வேண்டும். மூலப்படத்தை மாற்றாமல் காத்துவைத்தல், பிறர் ஒப்புநோக்கி உண்மை காண வழிசெய்யும்.

ஆண்டு மலர் என்பது சில நாள் பார்த்து ஒதுக்கும் ஏடன்று. முப்பது ஆண்டுகள் கழித்து, அப்படத்தில் தன் பெயரைத் தேடி விரல் வைக்கும் ஒருவன், தன் முகத்தைத் தன் முகமாகவே காணுதல் வேண்டும். வெளுப்பாக்கப்பட்ட முகத்தைக் காணும் குழந்தையோ, தன் இயல்பான நிறம் ஆசிரியர்க்கே பிடிக்கவில்லை என்னும் பாடத்தைச் சொல்லாமலே கற்றுக்கொள்ளும். அப்பாடத்தைப் பின்னர் எந்த மென்பொருளாலும் திருத்த இயலாது. ஆதலின், படமெடுக்கக் கற்பிப்போர் திருத்தும் விசைகளைக் கற்பிக்கும் முன்னர் ஒளியைக் காணக் கற்பித்தல் வேண்டும். ஒளியைக் காணக் கற்பிக்கும்பொழுதே, எதிரே நிற்பவரின் முகத்தை மதிக்கவும் கற்பித்தல் வேண்டும்.