கை சேர்ந்த ஊர்கள்

பாரீஸில் சேன் நதியின் மேல் பான் தேசார் என்றொரு நடைபாலம். காதலர்கள் தங்கள் பெயர் எழுதிய பூட்டை அதன் கம்பி வலையில் மாட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் எறிந்துகொண்டிருந்தார்கள். 2014இல் பாரம் தாங்காமல் தடுப்பின் ஒரு பகுதி சரிந்தது. மறுவருடம் நகராட்சி அத்தனை பூட்டுகளையும் கழற்றி எடுத்தபோது எடை சுமார் 45 டன். திருமண நாளுக்கு ஐரோப்பா போகலாம் என்று பேச்செடுத்தால் வந்து விழும் யோசனைகள் பெரும்பாலும் இந்தப் பூட்டு ஜாதிதான்: ஈஃபில் கோபுரத்தடியில் ஒரு போட்டோ, வெனிஸில் கோண்டோலா, ப்ராக் பாலத்தில் சூரிய அஸ்தமனம். எனக்கு அவற்றின் மேல் பகையில்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அவை பொருந்தும். கால் நூற்றாண்டு ஒரே வீட்டில் குடித்தனம் செய்தவர்களுக்கு அந்தப் பழைய ஊர்களில் வேறொன்று காத்திருக்கிறது. அது, மற்ற தம்பதிகள். சுடுமண்ணிலும் எண்ணெய் வண்ணத்திலும் அப்படியே தங்கிப்போனவர்கள். அவர்கள் கைகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே ஒரு பயணம் போகலாம்.

முதல் ஊர் ரோம். கொலோசியத்தை நோக்கிப் போகும் கூட்டத்தை விட்டுவிட்டு, வடக்கே பொர்கேஸே தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் வில்லா ஜூலியாவுக்குப் போக வேண்டும். போப் மூன்றாம் ஜூலியஸ் 1550களில் கட்டிக்கொண்ட மாளிகை அது. இன்று எட்ருஸ்கன் அருங்காட்சியகம். திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதை ரோமில் இறங்கும் நாளைக் குறிக்கும்போதே நினைவில் கொள்ளுங்கள். அங்கே ஒரு கணவனும் மனைவியும் 2500 ஆண்டுகளாக விருந்துக் கட்டிலில் சாய்ந்திருக்கிறார்கள். ரோமானியர்களுக்கு முன் இத்தாலியில் ஓங்கியிருந்த எட்ருஸ்கர்களின் ஈமப்பேழை. உள்ளே இருந்தது எரித்த சாம்பல். பக்கத்துச் செர்வெத்தேரியின் இடுகாட்டில் 1881இல் 400க்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடைத்து, பிறகு ஒட்டப்பட்டது. ஒட்டிய கோடுகள் இன்றும் தெரிகின்றன. தெரியட்டும். நெடுநாள் தம்பதி என்றால் அப்படிச் சில கோடுகள் இருக்கத்தானே செய்யும்.

சிற்பி இடுப்புக்குக் கீழே அதிகம் மெனக்கெடவில்லை. கால்கள் தட்டையாகக் கிடக்கின்றன. அவன் வெறுங்காலோடு இருக்கிறான், அவளுக்குக் கூர்மூக்குச் செருப்பு. உயிரெல்லாம் இடுப்புக்கு மேலேதான். அவள் முன்னால், அவன் அவளுக்குச் சற்றுப் பின்னால். அவன் கை அவள் தோளைச் சுற்றி வந்து நிற்கிறது. இறுக்கிப் பிடிக்கவில்லை, சும்மா போட்டிருக்கிறான். நான்கு கைகளும் ஏதோ பேசிக்கொண்டிருக்கும் பாவனையில் நீண்டிருக்கின்றன. விரல்களில் இருந்த பொருள்கள் எப்போதோ போய்விட்டன. அவள் அவன் உள்ளங்கையில் வாசனைத் தைலம் ஊற்றியிருக்கலாம் என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். குப்பி இல்லை, தைலம் இல்லை. கொடுப்பதும் வாங்குவதும் மட்டும் மிச்சம். இரண்டு முகங்களிலும் ஒரே நகை. யார் சொன்ன வேடிக்கைக்கு யார் சிரிக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதைப் பார்த்துவிட்டு, அக்காலத்து ஏதென்ஸை ஒரு கணம் நினைக்க வேண்டும். அங்கே குலப்பெண்களுக்கு ஆண்களின் விருந்தில் இடமில்லை. மனைவி கணவனோடு ஒரே கட்டிலில் சாய்ந்து விருந்துண்பதைக் கேள்விப்பட்ட கிரேக்க எழுத்தாளர்கள் எட்ருஸ்கப் பெண்களைப் பற்றிக் கண்டபடி எழுதி வைத்தார்கள். பேழையில் இருப்பவள் அதைச் சட்டை செய்பவளாகத் தெரியவில்லை. ஒரு பகல் கையில் இருந்தால் செர்வெத்தேரிக்கும் போய் வாருங்கள். பாறையைக் குடைந்த கல்லறை வீடுகளில் கட்டில்களும் தலையணைகளும்கூடக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள்.

ரோமிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் வியன்னா. விமானத்தைவிட மெதுவான வழிதான், ஆனால் இந்தப் பயணத்துக்கு அவசரம் ஆகாது. வியன்னாவில் மேல் பெல்வெதேர் அரண்மனையில் ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’ இருக்கிறது. 180 சென்டிமீட்டருக்கு 180, சதுரம், உண்மையான தங்கத் தகடு. 1908இல் ஓவியம் முழுதாக முடியும் முன்பே ஆஸ்திரிய அரசு வாங்கிவிட்டது. முத்தமிடுபவன் அங்கியில் கறுப்பு வெள்ளைச் செவ்வகங்கள், அவள் உடையில் வட்டங்களும் பூக்களும். எனக்கு இந்தத் தங்கம் கொஞ்சம் அதிகம். படத்துக்கு முன்னால் எப்போதும் உயர்ந்திருக்கும் செல்போன்களும் அதற்கு நன்மை செய்யவில்லை. இருந்தாலும் ஓரமாக நின்று அவள் பாதங்களைப் பாருங்கள். பூத்தரை முடிந்து விளிம்பு இறங்கும் இடத்தில் கால்விரல்கள் மடங்கி ஊன்றியிருக்கின்றன. மேலே முகத்தில் அத்தனை மயக்கம். கீழே விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை விரல்கள் செய்துகொண்டிருக்கின்றன. கிளிம்ட்டை நான் மன்னிப்பது அந்த விரல்களுக்காக.

இனிப் பெல்ஜியத்தின் ப்ரூஜ். கால்வாய்கள், அன்னங்கள், சாக்லெட் கடைகள் எல்லாவற்றையும் மாலைக்கு ஒதுக்கிவிட்டுக் காலையில் க்ரூனிங்கே அருங்காட்சியகத்துக்கு. தம்பதி ஓவியம் என்றதும் பலருக்கும் நினைவு வருவது யான் வான் ஐக் 1434இல் வரைந்த ஆர்னால்ஃபீனி தம்பதி. பின்சுவரில் குவிகண்ணாடி, பட்டப்பகலில் எரியும் ஒற்றை மெழுகுவத்தி, காலடியில் நாய்க்குட்டி. வரைந்தது ப்ரூஜில்தான், ஆனால் படம் லண்டனுக்குப் போய் வெகு காலம் ஆகிறது. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு லண்டன் என்றால் தனி விசா. இத்தாலி, ஆஸ்திரியா, பெல்ஜியம், நெதர்லாந்து நான்குக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம், ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆகவே லண்டன் வெட்டு. போர்ச்சுகலின் அல்கோபாசாவும் வெட்டு, அது தூரத்துக்காக. அங்கே மடாலயத்தில் அரசன் பெத்ருவும் அவனுடைய இனேஸும் கால்மாட்டோடு கால்மாடாகக் கிடத்தப்பட்டிருக்கிறார்கள், உயிர்த்தெழும் நாளில் எழுந்து உட்கார்ந்ததும் முதலில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதற்காக. மனசில்லாமல்தான் வெட்டினேன்.

லண்டனை இழந்த வருத்தத்தை ப்ரூஜில் இருக்கும் ஒரு சின்னப் படம் தீர்த்துவிடும். சட்டத்தையும் சேர்த்து 41 சென்டிமீட்டர் உயரம்தான். வான் ஐக்கின் மனைவி மார்க்ரெட். நரைநிற மென்மயிர் ஓரம் வைத்த சிவப்புக் கம்பளி உடை. கொம்பு போலத் தூக்கிக் கட்டிய கொண்டைமேல் மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி, அதன் விளிம்பில் நுணுக்கமான சுருக்கங்கள். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் தனித்தனி நிழல். முகத்தில் அலங்காரம் கிடையாது. மெல்லிய உதடுகள், மழித்து ஏற்றிய நெற்றி, சற்றுக் கண்டிப்பான பார்வை. கணவன் அழகூட்டவில்லை, அவளும் கேட்டிருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது.

விஷயம் சட்டத்தில் இருக்கிறது. மேலும் கீழும் கல்லில் வெட்டியது போலத் தீட்டிய லத்தீன் எழுத்துகளில் அவளே பேசுகிறாள்: என் கணவர் யோஹானஸ் 1439 ஜூன் 17ஆம் தேதி என்னை வரைந்து முடித்தார், என் வயது 33. கூடவே தன்னால் இயன்ற அளவு என்று பொருள்படும் ஓவியனின் முத்திரை வாசகம். 1441இல் அவர் இறந்துபோனார். இந்தப் படத்தில் கணவனின் கை இல்லை. ஆனால் தூரிகை பிடித்த அந்தக் கை படாத இடமும் இல்லை. நாம் எங்கே நிற்கிறோம் என்று யோசித்தால் இன்னொன்று புலப்படும். அவர் நின்ற இடத்தில் நிற்கிறோம். அந்தக் கண்டிப்பான பார்வை நமக்கானதல்ல. தினமும் பார்த்துப் பழகிய ஒருவரைப் பார்க்கும் பார்வை. அதில் நாம் குறுக்கே வந்துவிட்டோம்.

எப்போது போவது என்ற கேள்விக்கு நம் பஞ்சாங்கமே பாதிப் பதில் சொல்லிவிடுகிறது. ஆடியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை. ஐரோப்பாவில் விடுமுறைக் கூட்டமும் விடுதி வாடகையும் உச்சத்தில் இருப்பது ஏறக்குறைய அந்த நாட்களில்தான். வைகாசியில் தாலி கட்டியவர்கள் கொடுத்து வைத்தவர்கள், பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். தைத் தம்பதிகளுக்குக் குளிரும் குறுகிய பகலும்தான், ஆனால் அருங்காட்சியகங்கள் அவ்வளவாக நெரியாது. பார்க்கப் போவது வீட்டுக்குள் இருக்கும் கைகளை என்பதால் தை ஒன்றும் மோசமில்லை.

ப்ரூஜிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வந்து ரயில் மாறினால் ஆம்ஸ்டர்டாம். ரைக்ஸ் மியூசியத்தின் ‘யூத மணமகள்’ ரெம்ப்ராண்ட் தன் கடைசி ஆண்டுகளில் வரைந்தது. தலைப்பு அவர் வைத்ததல்ல, 19ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. பைபிளின் ஈசாக்கும் ரெபேக்காளும் என்பது இன்று பெரும்பாலோர் கருத்து. அயல்நாட்டில் அண்ணன் தங்கை என்று சொல்லி வாழும் அவர்கள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நெருங்கியிருக்கும்போது அரசன் ஜன்னல் வழியே பார்த்துவிடுகிறான். ரெம்ப்ராண்டின் கோட்டுப்படம் ஒன்றில் அந்த அரசன் இருக்கிறான். எண்ணெய் வண்ணத்தில் அவனை நீக்கிவிட்டார். ஜன்னலில் நிற்பது இப்போது நாம்.

கணவனுடைய இடக்கை மனைவியின் தோளின்மேல். வலக்கை அவள் மார்பின்மேல், விரித்து, எடையே இல்லாமல். அந்தக் கையின்மேல் அவள் இடக்கை விரல்நுனிகள். தடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை, இருக்கட்டும் என்று சொல்கிற அளவுக்கு மட்டும் தொட்டிருக்கின்றன. கண்கள் சந்திக்கவில்லை. இருவரும் தனித்தனி யோசனையில் இருக்கிறார்கள், விரல்நுனிகள் மட்டும் சேர்ந்திருக்கின்றன. நீண்ட தாம்பத்தியத்தை இதைவிடச் சரியாக வரைந்த ஒருவரை எனக்குத் தெரியாது. அவன் சட்டைக் கையில் பொன்மஞ்சள் வண்ணம் அப்பி அப்பிப் புடைத்து நிற்கிறது. பக்கவாட்டில் நின்றால் மேடு பள்ளங்களில் விளக்கொளி தங்குவது தெரியும். கிளிம்ட் தகடு ஒட்டிக் காட்டிய தங்கத்தை இவர் வெறும் வண்ணத்தில் காட்டிவிட்டார். இதை வரைந்த காலத்தில் ரெம்ப்ராண்ட் திவாலாகிப் பல வருடம் ஆகியிருந்தது. மனைவி சாஸ்கியாவும் பின்னாள் துணை ஹெண்ட்ரிக்யேவும் இறந்துவிட்டிருந்தார்கள். 1885இல், மியூசியம் புதிதாகத் திறந்த வருடத்தில், வான் கோ வந்து இந்தப் படத்தின் முன் உட்கார்ந்தவர் எழவில்லை. காய்ந்த ரொட்டித் துண்டோடு இரண்டு வாரம் இங்கேயே இருக்க விட்டால் ஆயுளில் பத்து வருடம் கொடுப்பேன் என்று உடன் வந்த நண்பரிடம் சொன்னாராம். நமக்கு நேரம் குறித்த டிக்கெட்தான் கிடைக்கும்.

அதே மியூசியத்தில் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் 1622 வாக்கில் வரைந்த ஹார்லெம் நகரத்து வணிகர் ஈசாக் மாஸாவும் அவர் மனைவி பியாட்ரிக்ஸும் இருக்கிறார்கள். அந்நாளில் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று தனித்தனியே வரைந்து சுவரில் ஜோடியாக மாட்டுவதுதான் வழக்கம். இவர்கள் ஒரே திரையில் மரத்தடியில் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் நெஞ்சில் கை வைத்துச் சாய்ந்திருக்கிறார், ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி. அவள் அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டு, ஆள்காட்டி விரலில் மோதிரம் தெரிய, சிரிப்பை அடக்கப் பார்க்கிறாள். அடங்கவில்லை. அவர் சொல்லப்போகும் கதையை அவள் முன்பே பலமுறை கேட்டிருப்பாள் என்பது என் ஊகம். படம் கல்யாணம் நடந்த ஒட்டில் வரைந்தது என்கிறார்கள், எனக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை.

ஆகவே ஆம்ஸ்டர்டாமில் வரிசை இப்படி: காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் ரெம்ப்ராண்ட், ஹால்ஸ் கடைசியில். அதற்குப் பிறகு அன்றைக்கு வேறு படம் எதையும் பார்க்க வேண்டாம். நேரே சாப்பிடப் போகலாம்.