பலாப்பலகையில் ஒரு மேசை

வீட்டிலேயே மேசை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்குக் குமரி மாவட்டத்துப் பலாவும் அயினியும் பெரிய கொடை. பலாவை இழைத்தால் மஞ்சள் சுருளாக விழும். ஆண்டுகள் போகப்போக அந்த மஞ்சள் செம்பழுப்பாக முதிரும். சாயமே வேண்டாம். மெல்லிய கால், செதுக்கலற்ற விளிம்பு என்ற இன்றைய வடிவத்துக்கு இதைவிட அழகான மரம் எனக்குத் தெரியாது.

இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. ஈரத்தில் பலகை அகலவாட்டில் ஊதும், வெயிலில் சுருங்கும். மேற்பலகையைச் சட்டத்தோடு பசைபோட்டு இறுக்கினால் வெடித்துவிடும். பசைக்குப் பதில் திருகாணி போட்டு, அதன் துளையைச் சற்று நீட்டி வெட்டினால் பலகை நகர இடம் கிடைக்கும். ஆணியில்லாத காலிணைப்புக்குக் கைரம்பமும் உளியும் கொட்டாப்புளியும் போதும்.

தொடங்கும் முன் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய், அதற்குள் இருக்கும் தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணைப் பாருங்கள். திங்கட்கிழமை அங்கே விடுமுறை.