பதினைந்தாம் மாதத்து அம்புலி

வவுனியாவில் உயர்தர வகுப்பில் பிள்ளைத்தமிழ் படிப்பித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், சந்திரன் பிளந்த நேரம் றசூலுல்லாவுக்கு 40 வயசு தாண்டிட்டுதே. அந்தச் சந்திரனை எப்படிக் குழந்தையோட விளையாடக் கூப்பிடுற?"

நல்ல கேள்வி. இங்கே வயதை வரலாறு தீர்மானிப்பதில்லை. பாடுபவரின் வாஞ்சையும் இலக்கணமும்தான். அம்புலி என்றால் 15ஆம் மாதம். அரசாண்ட இரண்டாம் குலோத்துங்கனையே ஒட்டக்கூத்தர் தொட்டிலில் கிடத்தினார். நாயகத்தைப் (ஸல்) பாடிய செய்யிது அனபியாப் புலவரும் அந்தப் பருவ வரிசையில்தான் நின்றார். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் வயதைத் தேர்ந்தால் அந்த வயதின் வீட்டையும் சேர்த்தே தேர வேண்டாமா? 15 மாதத்தில் அந்தப் பிள்ளை மக்காவில் இல்லை. ஹலீமா நாயகியிடம், பாலைவனத்தில். வாப்பாவும் இல்லை. நிலவைக் கூப்பிடும் குரல் பெற்ற ஆமினா உம்மாவுடையதா, பாலூட்டியவருடையதா? நமது விமர்சனம் அலங்காரங்களை எண்ணுவதோடு நின்றுவிடுகிறது. வாப்பாவை இழந்த பிள்ளைகளும் இருக்கும் வன்னி வகுப்பில் நான் முதலில் கேட்கச் சொல்வது அந்தக் குரலைத்தான்.